நாய்க்கும் நமக்கும் நடுவே எத்தனை அடி?

வடசேரியிலிருந்து புத்தேரி வழியாக இறச்சகுளம் போகிற சாலையில் ஒரு கலுங்கு இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டி எது கடந்தாலும், கலுங்குக்கு அடியிலிருந்து ஒரு செவலை நாய் பாய்ந்து வந்து துரத்தும். நடந்து போகிறவர்களை அது ஏறிட்டும் பார்ப்பதில்லை. பால் கேன் கட்டிய சைக்கிளையும் விட்டுவிடும். என் ஸ்கூட்டரைக் கண்டாலோ ஐம்பது அடி தூரத்துக்குக் கணுக்காலை ஒட்டியே ஓடிவரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் பிரேக் பிடித்து நின்றுவிட்டேன். நாயும் நின்றது. கணக்கில் ஏதோ இடிக்கிறது என்பதுபோல என்னை ஒருபக்கமாகப் பார்த்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது.

கடிக்கத்தான் துரத்தியது என்றால், கைக்கெட்டும் தூரத்தில் நின்றவனை ஏன் விட்டது? கடிப்பதற்கு இல்லை என்றால் எதற்காக அத்தனை ஓட்டம்?

சின்ன வயதில் பாட்டா சொல்லிக் கேட்டது நினைவுக்கு வந்தது. “பட்டியக் கண்டா ஓடப்பிடாது, கேட்டியா மக்கா. ஓடுனா அது வெரட்டும். நின்னா அது யோசிக்கும்.” மலையாளம் பக்கத்து வீடு என்பதால் எங்கள் பக்கம் நாய்க்குப் பட்டி என்றும் பெயர். வெறி பிடித்தது பேப்பட்டி. பாட்டா சொன்ன அந்த ‘யோசிக்கும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் நாய்க்கடியைப் பற்றி நிறையவே புரிகிறது.

புரிந்துகொள்ள வேண்டிய அவசரமும் இருக்கிறது. 2024-இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.80 லட்சம், ரேபீஸ் எனும் வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். எங்கள் குமரி மாவட்டத்தில் இருட்டோடு எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். குலசேகரம், அருமனைப் பக்கம் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், முட்டத்திலும் குளச்சலிலும் விடியுமுன் கடலுக்கு இறங்குகிறவர்கள், தோவாளைச் சந்தைக்குப் பூவோடு வருகிறவர்கள், மார்கழியில் வாசலில் குனிந்து கோலம் போடுகிறவர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நேரத்தில் தெரு நாய்களுடையது.

முதலில் நாயை விட்டுவிட்டுக் கொக்கைப் பார்ப்போம். கும்பப்பூ சாகுபடிக்கு வயல் உழும்போது டிராக்டரின் பின்சக்கரத்துக்கு நாலடி பின்னால் கொக்குகள் கூட்டமாக நடந்துவரும். அந்த இரைச்சலையும் புகையையும் அவை சட்டை செய்வதே இல்லை. அதே வயலின் வரப்பில் நீங்கள் வெறுங்கையோடு நடந்து போங்கள், கிட்ட நெருங்குமுன்பே எழும்பிவிடும். கொக்கின் மனதுக்குள் ஓர் அளவுநாடா இருக்கிறது. டிராக்டருக்கு ஓர் அளவு, மனிதனுக்கு வேறோர் அளவு.

விலங்குகளின் இந்த அளவுநாடாவை முறையாக ஆராய்ந்து எழுதியவர் சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர். பாசல், சூரிக் நகரங்களின் விலங்குக் காட்சிச்சாலைகளுக்கு இயக்குநராக இருந்தவர். ஒவ்வொரு விலங்கைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வட்டங்கள் இருப்பதாக அவர் கண்டார். வெளிவட்டத்துக்குள் நீங்கள் கால் வைத்தால் விலங்கு விலகி ஓடும். இதை விலகுதொலைவு என்போம். ஓட வழியில்லாமலோ, நீங்கள் வந்ததைக் கவனிக்காமலோ இருந்து, அதற்குள் நீங்கள் இன்னும் நெருங்கிவிட்டால் உள்வட்டம் வருகிறது. அதற்குள் கால் வைத்தால் விலங்கு ஓடாது, உங்கள்மேல் பாயும். இதைப் பாய்தொலைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹெடிகர் இதற்குச் சான்றாகக் காட்டியது சர்க்கஸ் கூடாரத்தை. சிங்கத்தைப் பழக்குகிறவர் சாட்டையோடு சிங்கத்தை நோக்கி நடக்கிறார். சிங்கம் பின்வாங்குகிறது. கூண்டுக் கம்பியில் முதுகு முட்டியதும் அதற்கு விலக இடமில்லை. அவர் மேலும் ஓரடி வைக்கிறார். சிங்கம் திரும்பி அவரை நோக்கி வருகிறது. நடுவில் ஒரு முக்காலி இருக்கிறது. சிங்கம் அதில் ஏறித்தான் அவரை அடைய வேண்டும். அது முக்காலியில் ஏறிய கணத்தில் அவர் ஓரடி பின்னால் வைத்து உள்வட்டத்தை விட்டு வெளியேறிவிடுகிறார். பாய்வதற்கு இப்போது காரணம் இல்லை. சிங்கம் ஏறின இடத்திலேயே நின்றுவிடுகிறது. நாம் கைதட்டுகிறோம். மனிதனின் வீரம் என்று நாம் நினைத்தது அங்குலக் கணக்கு.

தெருநாயும் இந்தக் கணக்கில்தான் வாழ்கிறது. பகலில் டீக்கடை வாசலில் உங்கள் செருப்பை உரசிப் படுத்திருக்கும் நாயின் இரு வட்டங்களும் சுருங்கிக் கிடக்கின்றன. அதே நாய் ஒரு முடுக்குக்குள் நுழைந்து, எதிர்ப்பக்கம் சுவராக இருந்து, நுழைவாயிலில் நீங்கள் நின்றால் விலகுதொலைவு இருந்தும் பயனில்லை. அதற்குப் போக வழியில்லை. வாசலில் சங்கிலியில் கட்டிய நாயின் கதையும் இதுதான். அதற்கு இருப்பது சங்கிலியின் நீளம் மட்டுமே. விலகும் வழியை நாமே அறுத்துவிட்டோம். வீட்டுக்காரர் “கட்டித்தான் இருக்கு, பயப்படாம வாங்க” என்று கூப்பிடுகிறபோது எனக்குப் பயம் கொஞ்சம் கூடுவது இதனால்தான்.

நாயின் சாதியைப் பார்த்து எடை போடலாமா என்று கேட்பார்கள். 2022-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணங்களை உரிமையாளர்களிடம் கேட்டுப் பதிந்து, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனம் விளக்குவது ஏறத்தாழ 9 சதவீதம்தான் என்று தெரிந்தது. கடித்தால் எவ்வளவு ஆழம் போகும் என்பது தாடையின் அளவைப் பொறுத்தது, அது வேறு விஷயம். கடிக்குமா என்பதை ராஜபாளையமா, கோம்பையா, நாட்டு நாயா என்று பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

நேரமும் பருவமும் வட்டத்தை விரிக்கும், சுருக்கும். தெருநாய்கள் பெருவாரியாக இணை சேரும் காலத்தை வைத்துக் கேரளத்தில் ‘கன்னி மாசத்துப் பட்டி’ என்று ஒரு வசவே உண்டு. மலையாளக் கன்னி நமக்குப் புரட்டாசி. நாயின் சினைக்காலம் 63 நாள் அளவு. புரட்டாசியோடு இரண்டு மாதம் கூட்டினால் கார்த்திகை வருகிறது. கார்த்திகையில் ஈன்ற குட்டிகள் கண்திறந்து தள்ளாடி நடக்கத் தொடங்குவது மார்கழியில். ஆடி மாதம் வாலாட்டிய அதே பெட்டை மார்கழி விடியலில் கோலப்பொடியோடு குனிந்தவரைப் பார்த்துச் சீறுவது ஏன் என்பதற்கு இந்தக் கூட்டல் போதும். என்னைத் துரத்திய செவலையும் கலுங்குக்கு அடியில் குட்டி போட்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஜெய்ப்பூரில் பல ஆண்டு மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், நாய்கள் குட்டியோடு இருக்கும் காலத்தை ஒட்டிக் கடிகள் கூடுவதையும், கருத்தடைத் திட்டம் தொடர்ந்து நடந்தபோது கடிகள் குறைந்ததையும் 2013-இல் வெளியிட்டார்கள்.

குட்டிகள் இருந்தது கதையைக் கொஞ்சம் விளக்குகிறது. ஆனாலும் நடந்து போகிறவனை விட்டு ஸ்கூட்டரை மட்டும் துரத்துவது ஏன்?

ஓடுகிற எதையும் துரத்துவது ஓநாய் வழியில் வந்த பழக்கம். உற்றுப் பார், பதுங்கு, துரத்து, கவ்வு, கொல் என்று இரை பிடிக்கும் செயல்கள் ஒரு சரடாக வரும். மனிதனோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்ததில் நாய்களில் இந்தச் சரடு துண்டு துண்டாகிவிட்டது. ஆட்டிடையனின் நாய் பதுங்கும், துரத்தும், கவ்வாது. பல தெருநாய்களில் ‘துரத்து’ என்ற துண்டு மட்டும் தனியாக எரியும் விளக்கு மாதிரி நிற்கிறது. ஓடுகிற பொருள்தான் அதற்கு ஸ்விட்ச். நின்றால் விளக்கு அணைந்துவிடும். பிரேக் பிடித்ததும் செவலை குழம்பியது இதனால்தான்.

இதன்மேல் ஒரு படிப்பும் சேருகிறது. 1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளை மரப்பெட்டிக்குள் அடைத்து, எந்தச் செயல் கதவைத் திறக்கிறதோ அதை அவை அடுத்தடுத்த முறை வேகமாகச் செய்வதைக் கடிகாரம் வைத்துக் குறித்தார். நல்ல விளைவைத் தந்த செயல் திரும்ப நிகழும். இதை விளைவு விதி என்பார்கள். இனி, கலுங்கடி நாயின் இடத்திலிருந்து பாருங்கள். இரைச்சலோடு ஒரு பூதம் வருகிறது. நாய் குரைத்துத் துரத்துகிறது. பூதம் ஓடிவிடுகிறது! ஒவ்வொரு இரவும் முப்பது நாற்பது பூதங்கள். ஒன்றுகூட எதிர்த்து நிற்கவில்லை. நாம் வீட்டுக்குப் போவதற்காகப் போகிறோம் என்பது அதற்குத் தெரியாது. தன் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. தபால்காரரைக் கண்டால் குரைக்கிற வீட்டு நாயும் இதே பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அவர் தபாலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார், நாய்க்கோ தினம் ஒரு வெற்றி.

கல்லெடுப்பதுபோலக் குனிந்தால் நாய் ஓடும் என்பதும் கற்ற பாடம்தான். தெருநாய்கள் மனித உடம்பை வாசிப்பதில் கெட்டி. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு இதற்கென்றே ஆண்டுக்கணக்காகத் தெருக்களில் வேலை செய்கிறது. சாப்பாட்டை நீட்டும் ஆள் சும்மா நின்றால், கையை ஓங்கினால், கம்பை ஓங்கினால் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நாய்கள் இவற்றை வேறுவேறாகப் பிரித்தறிந்து நடந்துகொண்டன. ஆகவே பத்தடிக்கு அப்பால் நிற்கும் நாயிடம் குனிவது பலிக்கலாம். பாய்தொலைவுக்குள் வந்துவிட்ட நாயிடமோ, குட்டி காக்கும் தாயிடமோ குனிந்தால் உங்கள் முகத்தை அதன் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைக்கிறீர்கள்.

நாய் முன்னறிவிப்பில்லாமல் கடித்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அறிவிப்பு வந்திருக்கும், நமக்கு வாசிக்கத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வது, பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது. இவை ‘தள்ளிப் போயேன்’ என்பதன் மெல்லிய வடிவங்கள். அதற்கும் நகராவிட்டால் உடம்பு மரக்கட்டைபோல விறைக்கும், உறுமும், பல் தெரியும். உறுமுகிற நாயை அடித்து அடக்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அடிபட்ட நாய் உறுமலை விட்டுவிடும், கடியை விடாது. அலாரத்தின் வயரை அறுத்துவிட்டுத் தீ அணைந்துவிட்டது என்று நினைப்பது போன்றது அது.

வாலாட்டினால் சினேகம் என்பதும் அரைகுறை உண்மை. 2007-இல் இத்தாலியின் பாரி நகர ஆய்வாளர்கள் 30 நாய்களுக்குத் தனித்தனியே எசமானரையும், அன்னியரையும், பூனையையும், முரட்டு அன்னிய நாயையும் காட்டி வாலைப் படம்பிடித்தார்கள். எசமானரைக் கண்டபோது வால் நாயின் வலப்பக்கமாக அதிகம் வீசியது. முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கமாக. மூளையின் இரு பாதிகளும் இரண்டு விதமான உணர்ச்சிகளைக் கவனிப்பதன் அடையாளம் அது. தெருவில் நின்று வலமா இடமா என்று அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. விறைத்த உடம்பில் தூக்கிப் பிடித்த வால் ஆடினாலும் அது அழைப்பு இல்லை என்று தெரிந்தால் போதும்.

குழந்தைகளுக்கு நாயின் இந்த எழுத்து இன்னும் புரியாது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நாய்களின் முகங்களைக் காட்டியபோது, பல்லைக் காட்டிச் சீறும் நாயைப் பல குழந்தைகள் ‘சிரிக்கிறது’ என்றன. மனித முகத்தில் பல் தெரிந்தால் சிரிப்புத்தானே! அதோடு குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருக்கிறது. சொல்லிக்கொடுத்தால் மாறுமா? 2000-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் சிட்னியின் சில பள்ளிகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அரைமணி நேரப் பாடம் ஒன்று நடத்தினார்கள். சில நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் விளையாட்டுத் திடலில் ஒரு சாதுவான நாயைக் கட்டிவிட்டு ஒளித்துவைத்த கேமராவில் பார்த்தார்கள். பாடம் கேட்காத பிள்ளைகளில் 79 சதவீதம் பேர் அந்த முன்பின் தெரியாத நாயைத் தொட்டுத் தடவினார்கள். கேட்ட பிள்ளைகளில் 9 சதவீதம் பேர் மட்டுமே. அரைமணி நேரம்தான். நம் பள்ளிகளில் ஒரு நீதிபோதனை வகுப்பு அதற்குக் கிடைக்காதா என்ன!

அந்தப் பாடத்தின் சாரம் பாட்டா சொன்னதேதான். நாய் உங்களை நோக்கி வந்தால் நில்லுங்கள். மரம்போல, கைகளை உடம்போடு சேர்த்து. கண்ணுக்குள் முறைத்துப் பார்க்காமல், சற்றே பக்கவாட்டில் திரும்பி, ஆனால் நாய் இருக்கும் இடத்தை ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டு. அது முகர்ந்து பார்க்கட்டும். அது தயங்கியதும் முதுகைக் காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு எடுத்து வையுங்கள். சர்க்கஸ்காரர் செய்தது இதைத்தான். பை, குடை, செருப்பு, சைக்கிள் எது கையில் இருந்தாலும் நடுவில் பிடியுங்கள். கடிக்க வந்தால் அது பையைக் கடிக்கட்டும். கீழே விழுந்துவிட்டால் பந்துபோலச் சுருண்டு, விரல்களைக் கோத்துப் பின்கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ள வேண்டும். வண்டியில் போகிறவர் காலைத் தூக்கிக்கொண்டு ஆக்சிலரேட்டரை முறுக்குவதுதான் பல எலும்புகள் முறியக் காரணம். அதை விட வேகத்தைக் குறைப்பது மேல்.

பக்கத்தில் இன்னொருவரை நாய் கவ்வியிருந்தால் கை முதலில் போவது அவரைப் பிடித்து இழுக்கத்தான். இழுத்தால் பல் பதிந்த சதை கிழியும்; துளையாக இருந்தது கீறலாகிவிடும். வாளித் தண்ணீரை முகத்தில் வீசி, பலகையையோ பிளாஸ்டிக் நாற்காலியையோ நடுவில் நுழைத்து நாயைப் பிடிவிடச் செய்ய வேண்டும். குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பதும் நல்லதல்ல, நாய் எம்பிக் குதிக்கும். மார்போடு அணைத்துக்கொண்டு நாய்க்குப் பக்கவாட்டில் நின்றால் போதும்.

ஒரே ஒரு நாய்க்கு இந்த எந்தக் கணக்கும் செல்லாது. பேப்பட்டிக்கு விலகுதொலைவும் இல்லை, பாய்தொலைவும் இல்லை. வைரஸ் அதன் மூளையில் உட்கார்ந்து அளவுநாடாவையே எரித்துவிட்டது. நீங்கள் நெருங்காமலே தூரத்திலிருந்து வந்து கடிக்கும். உறுமல், கொட்டாவி என்ற படிகள் எதுவும் இருக்காது. சில நாய்களில் நேர்மாறாக, தாடை தொங்கி, மூலையில் ஊமையாகக் கிடக்கும். பாவம் என்று வாயில் தண்ணீர் ஊற்றப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அடிக்கணக்கு இத்தோடு முடிந்து, சென்டிமீட்டர் கணக்கு தொடங்குகிறது. கடிவாயிலிருந்து மூளைவரை.

நாயின் உமிழ்நீரில் வந்த வைரஸ் பாம்பின் விஷம்போல இரத்தத்தில் ஏறி ஓடுவதில்லை. தசையில் கொஞ்ச காலம் தங்கிப் பெருகி, தசையும் நரம்பும் சேரும் இடத்தில் நரம்புக்குள் நுழைந்து, அந்த இழைவழியே மேல்நோக்கி நடக்கிறது. நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர்வரை அதன் நடை. நரம்புவழிதான் என்று எப்படித் தெரியும்? எலிகளின் பாதத்தில் வைரஸைச் செலுத்திவிட்டு அந்தக் காலுக்குப் போகும் நரம்பைத் துண்டித்துப் பார்த்தார்கள். இரத்தக்குழாய்கள் அப்படியே இருந்தும் நோய் வரவில்லை. பாதை அறுந்தது, பயணி நின்றுவிட்டான். இதனால்தான் காலில் கடிபட்டவருக்கு நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகிறது. முகத்திலும் கழுத்திலும் கடிபட்டவருக்கு விரைவாகவே வந்துவிடுகிறது. மூளைக்குள் வைரஸ் நுழைந்து, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் நிலை வந்தபின் மருத்துவத்தால் ஏறத்தாழ ஒன்றும் செய்ய முடிவதில்லை.

லூயி பாஸ்டர் பிடித்தது இந்த மெதுநடையைத்தான். 1885 ஜூலை 6-இல் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பாரிஸில் அவரிடம் கொண்டுவரப்பட்டான். வெறிநோயில் இறந்த முயல்களின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தி வீரியம் குறைத்து வைத்திருந்தார் பாஸ்டர். அதிகம் உலர்ந்ததில் தொடங்கி, நாளுக்கு நாள் வீரியம் கூடியதாக ஊசி போட்டார். சிறுவன் பிழைத்தான். வைரஸ் என்ற ஒன்றை அன்று எவரும் கண்ணால் கண்டதில்லை. பொதுவாகத் தடுப்பூசியை நோய்க்கிருமி வருமுன் போட வேண்டும். இதிலோ கிருமி உள்ளே வந்தபின் போட்டாலும் பலிக்கிறது. அது ஊர்வண்டியில் வருகிறது, நாம் எக்ஸ்பிரஸில் முந்தி எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிவிடுகிறோம்.

நம் நாட்டில் 1900-இல் கசௌலியிலும் 1907-இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தொடங்கின. கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையிலிருந்து செய்த தடுப்பூசிதான் பிறகு பல தலைமுறைக்கு வழங்கியது. வீரியம் குறைவு, ஆகவே அளவு அதிகம். அத்தனையையும் ஏற்க வயிற்றுத் தோலில்தான் இடம் இருந்தது. ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ என்ற கிலி அங்கிருந்து வந்தது. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு அதுவே வாதத்தைக் கொண்டுவந்தது. 2004 முடிவோடு இந்தியா அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று செல் வளர்ப்பில் செய்த தடுப்பூசி. கையில், தோலுக்குள் மெல்லிய குமிழாக, தொடங்கும் நாளைச் சுழியம் என்று கொண்டால் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஊசி மாறி இருபது ஆண்டு ஆகியும் கிலி மட்டும் மாறாமல், ‘பார்ப்போம்’ என்று வீட்டில் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எக்ஸ்பிரஸும் உடனே கிளம்பாது. போதிய எதிர்ப்புப் புரதம் உருவாக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியை அடைக்க இரண்டு காவல்கள். ஒன்று சோப்பு. வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ச் சட்டியில் சோப்பு என்ன செய்கிறதோ அதையே இங்கும் செய்கிறது. உறை கலைந்த வைரஸ் செத்த வைரஸ். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் அப்பினால் கழுவுவதற்குத் தடையும் எரிச்சலும்தான் மிச்சம். இரண்டாவது காவல், தோல் கிழிந்து இரத்தம் வந்த கடிக்கு அந்தக் கடிவாய்க்குள்ளேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின். இது நம் உடம்பு வளர்க்கும் படையல்ல, வெளியிலிருந்து அழைத்த கூலிப்படை. வந்தவுடன் வேலையைத் தொடங்கும். சில வாரத்தில் கலைந்துவிடும். அதற்குள் சொந்தப் படை தயாராகிவிடும்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022-இலும் 2025-இலும் தடுப்பூசி போட்டும் குழந்தைகள் இறந்தபோது எங்கள் ஊரிலும் பேச்சு எழுந்தது, ஊசி பலிக்காதா என்று. தலையிலும் முகத்திலும் கடிபட்டவர்கள் அவர்களில் உண்டு. அங்கே நரம்பு முனைகள் அடர்த்தி, மூளைக்குச் சாலையோ சில அங்குலம். கழுவும் பதினைந்து நிமிடமும் கடிவாய்க்குள் போகும் மருந்தும் அங்கே ஊசியைவிடக் குறைந்தவையல்ல.

கடித்த நாயைப் பத்து நாள் பார்க்கச் சொல்வதும் இந்த நடைக்கணக்கில் வந்ததே. மூளையை அடைந்த பிறகுதான் வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. அது உமிழ்நீரில் இருக்கும் நாய் சில நாள்களில் நோயுற்றுச் செத்துவிடும். பத்தாம் நாளும் நாய் சோறு தின்றால், கடித்த அன்று அதன் வாயில் வைரஸ் இல்லை. ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்பதல்ல. ஊசியைத் தொடங்கிவிட்டுப் பார்க்க வேண்டும். தெருநாயைப் பத்து நாள் பின்தொடர யாரால் முடியும்?

ஊருக்குள் வெறிநோயே இல்லாமல் செய்ய முடியுமா என்றால், முடியும். தான்சானியாவில் ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய் எந்த நாய் எந்த நாயைக் கடித்தது என்று விசாரித்தே ஒரு வம்சாவளி வரைந்தார்கள். வெறிபிடித்த ஒரு நாய் சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டு நாய்களுக்குள்தான் நோயைக் கொடுக்கிறது என்று தெரிந்தது. இது சிறிய பரவல் எண். அப்படியானால் நூற்றுக்கு நாற்பது ஐம்பது நாய்களுக்கு ஊசி போட்டாலே போதுமே, உலக சுகாதார நிறுவனம் 70 சதவீதம் என்று ஏன் கேட்கிறது? தெருநாய்க் கூட்டம் ஓட்டைக் குடம். கொல்கத்தாக் குழுவின் கணக்கில் பிறந்த குட்டிகளில் 19 சதவீதம்தான் ஏழாம் மாதத்தைப் பார்த்தன. ஊசி போட்டது சாகிறது, போடாதது பிறக்கிறது. அடுத்த சுற்று வரும்வரை மட்டம் இறங்காமல் இருக்கத்தான் எழுபது. கோவாவில் வலையும் கைப்பேசிச் செயலியுமாகத் தெருத்தெருவாகப் போய் ஆண்டுதோறும் அந்த அளவை எட்டினார்கள். 2018 முதல் அங்கே வெறிநோயால் மனித மரணம் இல்லை என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. நாய்கள் எங்கே இருக்க வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் ஆகஸ்டிலும் நவம்பரிலும் ஆணைகள் இட்டது. அந்த வாதம் நடக்கட்டும். எங்கே இருந்தாலும் ஊசி போட்ட நாயாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

செவலையிடம் விளைவு விதியைச் சோதித்துப் பார்த்தேன். மார்கழி முடிந்து, குட்டிகளில் ஒன்று மட்டும் மிஞ்சிய பிறகும் அது துரத்தலை விடவில்லை. படித்த பாடத்துக்குக் குட்டியைவிட ஆயுசு அதிகம். கலுங்குக்கு முன்பே வேகத்தைக் குறைத்து நடைவேகத்தில் கடக்கத் தொடங்கினேன். பூதம் ஓடாவிட்டால் வெற்றி இல்லை, வெற்றி இல்லாவிட்டால் பழக்கம் தேயும். முதல் சில நாள் குரைப்பு முன்னைவிடக் கூடியது. மூன்றாம் வாரம் எழுந்து வருவது நின்றது. தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். வெற்றி என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

போன வாரம் ஸ்கூட்டர் பஞ்சர். மச்சானின் புல்லட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். சத்தம் கேட்டதும் செவலை பாய்ந்து வந்தது, பழைய ஐம்பதடி முழுவதும். அது கற்றிருந்தது என் ஸ்கூட்டரை மட்டும்தான். பிரேக் பிடித்து நின்றேன். அதுவும் நின்றது. கிட்ட வந்து என் கால்சட்டையை ஒருமுறை முகர்ந்தது, புல்லட்டின் சக்கரத்தை முகர்ந்தது, மறுபடி என்னை முகர்ந்தது.